கத்திரி வெயிலிலும் பெரணி கருகாமல்: செட்டிநாட்டு வீட்டுச் செடி அறையில் ஈரப்பதம் காப்பது எப்படி?

எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் ஒரு காலத்தில் நெல்லும் புளியும் அடைத்து வைத்திருந்த அறைதான் இப்போது என் செடி அறை. பன்னிரண்டடிக்குப் பத்தடி, உயரம் பத்தடி. தடித்த சுண்ணாம்புச் சுவர், கீழே ஆத்தங்குடிக் கல், ஒரே ஒரு சன்னல். ஆந்தூரியம், கலாத்தியா, பெரணி, ஆர்க்கிட் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, எல்.இ.டி. விளக்குகளின் கீழ் இப்போது அறுபது தொட்டிகளுக்கு மேல் இருக்கின்றன.

முதல் கோடையில் நான் செய்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். செடிகளுக்குச் சூடு ஆகாது என்று ஏசி போட்டு 22-இல் வைத்தேன். ஒரே வாரத்தில் கலாத்தியா இலைகள் சுருட்டுப் போலச் சுருண்டுகொண்டன. மீட்டர் வாங்கிப் பார்த்தால் ஈரப்பதம் 40-க்குக் கீழே. உடனே புகை மாதிரி தண்ணீர் கக்கும் ஹ்யூமிடிஃபையர் ஒன்றை வாங்கி, போர் தண்ணீரை ஊற்றி ஓட விட்டேன். மூன்றாம் நாள் இலையெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பொடி. மாவுப்பூச்சி என்று நினைத்து வேப்பெண்ணெய் அடித்தேன். அது பூச்சியே இல்லை, தண்ணீரில் இருந்த உப்பு. எண்ணெயும் உப்புமாகப் பிசுபிசுத்த இலைகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது அப்பத்தா வந்து நின்று பார்த்துவிட்டு, “காத்துக்குத் தண்ணி குடுக்கப் போறேன்னு கரண்டு பில்லைத்தான்யா ஏத்தி விட்டிருக்கே” என்றது. அது சொன்னதில் தப்பில்லை. அறையிலிருந்து ஒரு மெஷின் தண்ணீரை உறிஞ்சி வெளியே ஊற்ற, இன்னொரு மெஷின் அதே அறைக்குள் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தது.

வேலை செய்யும் வரிசையில்தான் கோளாறு. ஹ்யூமிடிஃபையர் கடைசியில் வாங்க வேண்டிய பொருள். அதை முதலில் வாங்கியதால் வந்த வினை இது. எனக்கு ஒத்துவந்த வரிசையைக் கீழே எழுதுகிறேன்.

மெஷினைத் தொடுமுன் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

மீட்டரில் தெரியும் சதவீதம் காற்றில் இருக்கும் தண்ணீரின் அளவு அல்ல. அந்தச் சூட்டில் காற்று எவ்வளவு தாங்குமோ, அதில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பதே அது. ஒரு கனமீட்டர் காற்று 38 டிகிரியில் சுமார் 46 கிராம் நீராவியைத் தாங்கும். 27 டிகிரியில் ஏறக்குறைய 26 கிராம்தான். கல்யாண அண்டாவில் நாலு செம்பு தண்ணீர் ஊற்றினால் அடியில் கிடக்கும். அதையே ஒரு குடத்தில் ஊற்றினால் பாதிக்கு மேல் நிற்கும். தண்ணீர் அதேதான், பாத்திரம்தான் மாறுகிறது.

மே மாத மதியம் வெளியே 38 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்று வையுங்கள். ஒரு கனமீட்டரில் 14 கிராம் தண்ணீர் இருக்கிறது. அந்தக் காற்றை ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல் 27 டிகிரிக்குக் குளிர வைத்தாலே மீட்டர் 50-ஐத் தாண்டிவிடும். ஆகவே நம் பக்கத்துக் கோடையில் காற்றில் தண்ணீர் ஒரேயடியாக இல்லாமல் போவதில்லை. சூடு ஏறியதால் இருப்பது போதாமல் போகிறது. முதல் எதிரி சூடு, அடுத்தது கதவிடுக்கு. தண்ணீர் சேர்ப்பது மூன்றாவது வேலை.

இன்னொரு கணக்கும் வேண்டும். செடியிடமிருந்து காற்று எவ்வளவு வேகமாகத் தண்ணீரை இழுக்கிறது என்பதை விபிடி என்பார்கள். காற்றின் தாகம் என்று வைத்துக்கொள்ளலாம். அளவு கிலோபாஸ்கலில். இலைச்செடிகளுக்கு 0.8 முதல் 1.2 வரை சுகம். 1.6-க்கு மேல் போனால் மென்மையான செடிகள் இலைத்துளையை மூடிக்கொள்ளும், வளர்ச்சி நின்றுபோகும். இதில் கவனிக்க வேண்டியது, 25 டிகிரியில் 60 சதவீதம், 30 டிகிரியில் 70 சதவீதம், 35 டிகிரியில் 77 சதவீதம், மூன்றும் செடிக்கு ஒரே தாகம்தான், சுமார் 1.27. “60 சதவீதம் வைத்தால் போதும்” என்று ஊட்டியிலோ பெங்களூரிலோ இருப்பவர் சொல்வதை அப்படியே இங்கே எடுத்துக்கொண்டால் கதை கெட்டது. அவர்களுடைய 60 அவர்களுடைய குளிருக்கு. நம் 35 டிகிரி அறையில் 60 வைத்தால் தாகம் 2.25-ஐத் தொடும்.

ஒரு வாரம் அளந்து பாருங்கள்

குறைந்தபட்ச, அதிகபட்ச அளவுகளை நினைவில் வைக்கும் டிஜிட்டல் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இரண்டாக வாங்குங்கள், ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கும். மீட்டரைச் சுவரில் மாட்ட வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் அருகே குளிர்ச்சியாக இருக்கும், எண் கூடுதலாகக் காட்டும். இலை இருக்கும் உயரத்தில், விளக்கு வெளிச்சம் நேரே படாத இடத்தில் தொங்கவிடுங்கள்.

வாங்கிய மீட்டரை உப்பு வைத்துச் சோதித்துவிடுவது நல்லது. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் குழைக்க வேண்டும். கரைந்து ஓடக் கூடாது. அந்த மூடியையும் மீட்டரையும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஓர் இரவும் பகலும் மூடி வைத்தால் மீட்டர் 75 காட்ட வேண்டும். 25 டிகிரியோ 30 டிகிரியோ, இந்த 75 பெரிதாக மாறாது. என்னுடைய மீட்டரில் ஒன்று 69 காட்டியது. அதன் முதுகில் “+6” என்று எழுதி ஒட்டிவிட்டேன், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

காலை ஆறு, மதியம் மூன்று, இரவு ஒன்பது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். சதவீதத்தோடு டிகிரியையும் எழுத வேண்டும், ஒன்றில்லாமல் மற்றதற்கு அர்த்தமில்லை. பெரும்பாலும் காலை எண் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். பங்குனியில் கூட என் அறை விடியற்காலையில் 70-ஐத் தொட்டிருக்கிறது. அப்படியானால் நீங்கள் சமாளிக்க வேண்டியது நாள் முழுவதையும் அல்ல, காலை பதினொன்று முதல் மாலை ஆறு வரைதான்.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

பெருமருள், ஜீஜீ செடி, கற்றாழை, கள்ளி இவற்றுக்கெல்லாம் இந்தப் பாடு தேவையே இல்லை. மணி பிளான்ட் எதையும் தாங்கும். கலாத்தியா, பெரணி, ஆந்தூரியம், அலோகேசியா, மொட்டு வைக்கும் ஆர்க்கிட் ஆகியவைதான் ஈரக்காற்றுக்காக ஏங்குபவை. தாங்குபவற்றை வெளியே பத்தியில் (தாழ்வாரத்தில்) வைத்துவிட்டு, ஏங்குபவற்றை மட்டும் அறைக்குள் நெருக்கமாக வையுங்கள்.

இலை நுனி காய்ந்தால் உடனே காற்றின் மேல் பழி போட வேண்டாம். உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றித் தொட்டி மண்ணில் உப்பு சேர்ந்தாலும் நுனி அப்படித்தான் கருகும். மண் மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளைப் படிவம் இருந்தால் குற்றவாளி தண்ணீர். காற்று வறட்சி என்றால் புதிய இலை விரியாமல் உறைக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும், ஆர்க்கிட் மொட்டு மஞ்சளாகி உதிரும், இலைக்கு அடியில் மெல்லிய நூலாம்படையோடு செஞ்சிலந்தி வரும். சூடும் வறட்சியும் சேர்ந்த இடம்தான் அதற்குக் கொண்டாட்டம்.

சூட்டைக் குறைப்பது

அறை எது என்பதே பாதி வெற்றி. மாடி அறை வேண்டாம், மேற்குச் சுவர் வெயில் வாங்கும் அறையும் வேண்டாம். பழைய வீடு வாய்த்தவர்களுக்கு உள்கட்டில் இருக்கும் சாமான் அறைதான் யோகம். நம் முன்னோர் தடித்த சுவரும் அடுக்கு ஓடும் முற்றமும் வைத்துக் கட்டியது இந்த வெயிலை மனதில் வைத்துத்தான். மதியம் தெருவில் 38 இருக்கும்போது என் அறை, விளக்கெல்லாம் அணைந்திருந்தால், 31-க்கு மேல் போவதில்லை. புது கான்கிரீட் வீட்டில் இருப்பவர்கள் தரைத்தளத்தில் வடக்கு அல்லது கிழக்கு அறையைப் பாருங்கள். சன்னலுக்கு வெளியே கீற்றுத் தட்டியோ பச்சை வலையோ கட்டுங்கள். உள்ளே திரை போட்டால் வெளிச்சம்தான் குறையும், கண்ணாடி வழியே வந்த சூடு உள்ளேயே தங்கிவிடும்.

அடுத்தது விளக்கு. 100 வாட் எல்.இ.டி. என்றால் கடைசியில் ஏறக்குறைய 100 வாட்டும் அறைக்குள் சூடாகத்தான் முடியும். என் அறையில் மொத்தம் 300 வாட். இதைப் பகல் முழுக்க எரியவிட்டுக்கொண்டிருந்தேன். வெயில் ஒரு பக்கம், விளக்கு ஒரு பக்கம். பிறகுதான் உறைத்தது. சன்னலை மூடி, விளக்கை மட்டும் நம்பியிருக்கும் அறைக்குப் பகல் எது, இரவு எது? டைமரை மாலை ஆறு முதல் காலை ஆறு வரை என்று மாற்றினேன். இப்போது செடிகள் விழித்திருப்பது காற்று தானாகவே குளிர்ந்து ஈரமாக இருக்கும் நேரத்தில். தெருவில் அனல் பறக்கும் மதியத்தில் அவற்றில் பெரும்பாலானவை இருட்டில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு தூங்குகின்றன. காசு செலவில்லாமல் கிடைத்த பலன்களில் இதுதான் பெரியது. சன்னல் வெளிச்சத்தையும் சேர்த்து நம்பியிருப்பவர்களுக்கு மட்டும் இது ஒத்துவராது.

ஏசியை விடவே முடியாது என்பவர்கள் 27 அல்லது 28-இல் வையுங்கள். ஏசிக்குள் இருக்கும் காயில் எவ்வளவு ஜில்லென்று இருக்கிறதோ அவ்வளவு தண்ணீரைக் காற்றிலிருந்து வியர்க்க வைத்துக் குழாய் வழியே வெளியே அனுப்பும். ‘டிரை’ என்று ரிமோட்டில் இருக்கும் பொத்தானைச் செடி அறையில் தொடவே கூடாது, அது ஈரத்தை எடுப்பதற்கென்றே இருப்பது.

அடைத்த அறையா, ஓடும் காற்றா?

இந்த இடத்தில்தான் பலர் இரண்டையும் கலந்து குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டு வழி இருக்கிறது, ஒன்றைத்தான் எடுக்க முடியும்.

முதல் வழி அடைப்பது. என் அறையின் கொள்ளளவு 1200 கன அடி, அதாவது 34 கனமீட்டர். 30 டிகிரியில் 40 சதவீதத்தை 65-க்கு ஏற்ற எவ்வளவு தண்ணீர் வேண்டும்? கனமீட்டருக்கு ஏழரை கிராம், மொத்தம் கால் லிட்டர்தான். ஒரு டம்ளர் தண்ணீர்! ஆனால் கதவிடுக்கு, சன்னல் இடுக்கு வழியாக ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை அறைக்காற்று முழுவதும் மாறினால் மணிக்கு ஒரு டம்ளர். கதவைத் திறந்து போட்டு, காற்று நாலு தடவை மாறினால் மணிக்கு ஒரு லிட்டர். வீட்டு உபயோக ஹ்யூமிடிஃபையர் பெரும்பாலும் மணிக்கு 200 முதல் 300 மில்லிதான் கொடுக்கும். திறந்த கதவுக்கு எதிரே அதை ஓட்டுவது ஊரணிக்குக் குடத்தில் தண்ணீர் சுமப்பது மாதிரி.

ஆகவே முதலில் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, நிலைக்கதவின் நாலு பக்கமும், சன்னல் ஓரமும், வயர் போகும் ஓட்டையருகிலும் காட்டுங்கள். புகை எங்கே ஆடுகிறதோ அங்கே இடுக்கு. பழைய தேக்குக் கதவில் அடியில் அரை அங்குலம் இடைவெளி சர்வ சாதாரணம். ரப்பர் பட்டை ஒட்டுங்கள், கதவடிக்குப் பழைய புடவையைச் சுருட்டி வைத்தாலும் போதும். மேலே புகைபோக்கி மாதிரி காற்றுத் துளை இருந்தால் அதைக் கோடைக்கு மட்டும் அட்டையால் மூடுங்கள், மழைக்காலத்தில் அது வேண்டும். அடைத்த அறைக்குள் செடிகள் நெருக்கமாக இருந்தால் அவையே உங்களுக்குப் பாதி ஹ்யூமிடிஃபையர். வேர் உறிஞ்சும் தண்ணீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் இலை வழியாகக் காற்றுக்குத்தான் வருகிறது. அறுபது தொட்டிக்கு நீங்கள் ஊற்றிய தண்ணீர் எங்கேயும் போவதில்லை, அடைத்து வைத்தால் அறைக்குள்ளேயே சுற்றும்.

இரண்டாவது வழி ஏர்கூலர். என்னைக் கேட்டால் ஏசியை விற்றுவிட்டு இதை வாங்குங்கள் என்பேன். தேன்கூடு பேட் வைத்த கூலரைச் சன்னலில் பொருத்தி, வெளிக்காற்றை இழுத்து உள்ளே தள்ள வைத்தால், 38 டிகிரியில் 30 சதவீதமாக நுழைகிற காற்று 27, 28 டிகிரியில் 70 சதவீதமாக வெளியே வரும். தாகக் கணக்குப்படி 1.1 பக்கம். செடிக்கு வேண்டியதும் அதுதானே! குளிர்ச்சியும் ஈரமும் ஒரே மெஷினில், ஏசி இழுப்பதில் சொற்ப மின்சாரத்தில். சென்னைக்காரர்கள் கூலரைத் திட்டுவார்கள். கடற்கரையில் காற்று ஏற்கெனவே ஈரம், அங்கே அது எடுபடாது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வறண்ட வெயில், இங்கே எடுபடும்.

ஆனால் கூலர் வைத்தால் அறையை அடைக்கக் கூடாது. உள்ளே தள்ளும் காற்று வெளியேற எதிர்ப்பக்கம் கதவோ காற்றுத் துளையோ திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் புழுக்கம்தான் மிஞ்சும். கூலரை அறைக்குள்ளேயே நடுவில் வைத்து ஓட்டுவதும் வீண், அரை மணி நேரத்தில் அறை குளியலறை போலாகிவிடும், குளிர்ச்சி வராது. தண்ணீர் மணிக்கு நாலைந்து லிட்டர் குடிக்கும். மதியம் ஆறு மணி நேரம் ஓட்டினால் இரண்டு குடம் என்று கணக்கு வையுங்கள். உப்புத் தண்ணீர் என்றால் பேட் சுண்ணாம்பு பிடித்துக் கல்லாகிவிடும், வாரம் ஒருமுறை தொட்டித் தண்ணீரை முழுதும் திறந்துவிட்டுப் புதிதாக நிரப்புவது அவசியம். நேரே கூலர் முகத்தில் செடியை வைக்காதீர்கள். ஆறடியாவது தள்ளி, அல்லது காற்றைச் சுவரில் மோதவிட்டு அனுப்புங்கள்.

சன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்பதும் இதே தத்துவம்தான். காற்று அடிக்கும் நாளில் அருமையாக வேலை செய்யும். காற்று நின்றால் அதுவும் நிற்கும். வாசனை மட்டும் மிச்சம்.

அறை பெரிதென்றால் பெட்டியைச் சிறிதாக்குங்கள்

பதினான்கு அடி உயரக் கூரையுள்ள அறை முழுவதையும் பத்துத் தொட்டிக்காக ஈரமாக்குவது வீண் வேலை. காரைக்குடி பழைய சாமான் கடைகளில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிகள் கிடைக்கும். ஒன்றை எடுத்து, உள்பலகைகளுக்குப் பதிலாகக் கம்பி வலைத் தட்டு போட்டு, மேலே ஒரு எல்.இ.டி. பட்டையும், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மாதிரி சின்ன ஃபேன் ஒன்றும் வைத்தால் போதும். எந்த மெஷினும் இல்லாமல் உள்ளே 75, 80 தாராளமாக நிற்கும். மரத்தின் உள்பக்கம் ஈரம் இறங்காத வார்னிஷ் இரண்டு கோட் அடித்துவிடுங்கள். அலமாரி வேண்டாம் என்றால் பிவிசி குழாயில் சட்டம் கட்டி, கனமான ட்ரான்ஸ்பரன்ட் ஷீட்டால் போர்த்தி, முன்பக்கம் மடித்துத் தூக்குகிற மாதிரி விடலாம்.

புதிதாக நர்சரியிலிருந்து வரும் செடிக்கும் இது உதவும். மலைப்பகுதிப் பசுமைக்குடிலில் சுகமாக வளர்ந்ததை நேராக நம் அறைக்குள் வைத்தால் அதிர்ச்சியில் இலை கொட்டும். முதல் வாரம் மூடிய பெட்டிக்குள், இரண்டாம் வாரம் பகலில் சில மணி நேரம் திறந்து, மூன்றாம் வாரம் முழுதாக வெளியே. அவசரப்பட வேண்டாம்.

இப்போது ஹ்யூமிடிஃபையர்

சூட்டைக் குறைத்து, இடுக்கை அடைத்து, அதற்கப்புறமும் மதியத்தில் எண் போதவில்லை என்றால் இப்போது வாங்கலாம். இரண்டு ஜாதி உண்டு. ஈரத் துணி அல்லது பேட் வழியாக ஃபேன் காற்றை ஊதுவது ஒன்று. அது நீராவியை மட்டும் அனுப்பும், உப்பு பேடிலேயே தங்கிவிடும். அல்ட்ராசானிக் வகை தண்ணீரை அதிரவைத்துத் துளித்துளியாகத் தூக்கி எறிவது. துளியோடு உப்பும் பறக்கும். நான் வேப்பெண்ணெய் அடித்த கதை இதனால் வந்ததுதான்.

அல்ட்ராசானிக்குக்கு டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, 50-க்குக் கீழே உள்ள தண்ணீர் வேண்டும். ஆர்.ஓ. தண்ணீர் ஒரு வழி. அதிலும் வடிகட்டி பழசாகியிருந்தால் நம்ப முடியாது, சின்ன டிடிஎஸ் மீட்டரால் பார்த்துக்கொள்ளுங்கள். ஏசியின் வடிகுழாய்த் தண்ணீரில் உப்பே இருக்காது, ஆனால் காயில் படிந்த தூசியைக் கழுவிக்கொண்டு வரும். துணியில் வடிகட்டி அன்றன்றைக்கே பயன்படுத்துங்கள், ஏசியை மருந்து அடித்துச் சுத்தம் செய்த வாரத்தில் வேண்டாம். எல்லாவற்றிலும் மேலானது மழைத் தண்ணீர். முற்றத்துத் தாழ்வாரத்தில் அண்டா வைத்து ஓட்டுத் தண்ணீர் பிடிக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருந்தது. முதல் மழையை விட்டுவிட்டு, ஐப்பசியில் இரண்டு பெரிய டிரம் பிடித்து இறுக மூடி வைத்தால் மாசி வரை வருகிறது. ஆர்க்கிட்டுக்கு ஊற்றவும் அதுதான்.

மெஷினின் வாயைச் செடிகளுக்கு மேலே, ஃபேன் காற்று வரும் பாதையில் வையுங்கள். துளி இலையில் இறங்கி நனைக்கக் கூடாது, காற்றிலேயே கரைய வேண்டும். தண்ணீர்த் தொட்டியை மூன்று நாளைக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். வழவழப்பு வந்த தொட்டியிலிருந்து கிருமியும் சேர்ந்து பறக்கும், அதைச் சுவாசிப்பது நீங்கள்தான். சுண்ணாம்புப் படிவத்துக்கு எலுமிச்சைச் சாறோ வினிகரோ போதும். ஆனால் அந்த வேலையைக் கொல்லைப்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஆத்தங்குடிக் கல் சிமென்ட்டில் செய்தது, புளிப்பு பட்டால் மேல்பூச்சு அரித்து மங்கிவிடும். எங்கள் அறையில் ஒரு கல்லில் பூ இப்போது பாதிதான் இருக்கிறது.

ஹ்யூமிடிஃபையரை நேராகப் பிளக்கில் செருகாமல் ஈரப்பதக் கன்ட்ரோலர் வழியாகச் செருகுங்கள். அறை 27, 28 டிகிரியில் இருந்தால் 60-இல் ஓடத் தொடங்கி 68-இல் நிற்கட்டும். இடைவெளியை இரண்டு மூன்று எண்ணுக்குக் குறுக்கினால் மெஷின் நிமிடத்துக்கு நிமிடம் துடித்துக்கொண்டிருக்கும்.

தெளிப்பதும் கூழாங்கல் தட்டும்

எல்லாரும் முதலில் சொல்வது இந்த இரண்டையும்தான், எனக்கு இரண்டிலும் பெரிய நம்பிக்கையில்லை. இலை மேல் தண்ணீர் தெளித்தால் மீட்டர் ஏறும், பத்து நிமிடத்தில் பழையபடி இறங்கும். உப்புத் தண்ணீர் என்றால் இலையில் புள்ளியும் விழும். தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் விட்டு மேலே தொட்டியை வைப்பதால் அதையொட்டிய காற்றில் இரண்டு மூன்று சதவீதம் கூடலாம், அறைக்கு ஒன்றுமில்லை. பழைய எனாமல் தட்டுகள் பார்க்க அழகாக இருக்கின்றன என்பதற்காக நானும் நாலைந்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

காற்று அசைவும் இரவும்

ஈரம் ஏற ஏற, அசையாத காற்றில் பூஞ்சை உட்காரும். சின்னச் சுவர் ஃபேன் ஒன்றை மிகக் குறைந்த வேகத்தில், செடி மேல் நேராகப் படாமல், சுவரைப் பார்த்துத் திருப்பி 24 மணி நேரமும் ஓடவிடுங்கள். இலைகள் லேசாகத் தலையாட்டினால் சரியான வேகம்.

விளக்கு அணைந்ததும் அறை மூன்று நாலு டிகிரி குளிரும். தண்ணீர் அதே அளவு இருக்கப் பாத்திரம் சிறிதாகிவிடும். 30 டிகிரியில் 70 சதவீதமாக இருந்த காற்று 25-க்கு இறங்கினால் 92-ஐத் தொடும். சுவரும் இலையும் வியர்க்கத் தொடங்கும், கரும்புள்ளி வரும். ஆகவே விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஹ்யூமிடிஃபையர் நிற்கும்படி டைமர் வையுங்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் விளக்கு எரியத் தொடங்கும் நேரத்தில்.

பழைய வீட்டில் கூடுதல் எச்சரிக்கை

செடிக்கு நல்லது எல்லாம் வீட்டுக்கு நல்லதல்ல. அறையில் ரவிவர்மா அச்சுப் படங்களோ பழைய கண்ணாடிச் சட்டப் படங்களோ இருந்தால் முதலில் வெளியே எடுத்துவிடுங்கள், பூஞ்சை காகிதத்தைத்தான் முதலில் தின்னும். சுவரில் வெள்ளையாக உப்பு பூத்தால் ஈரம் அளவு மீறிவிட்டது, மரத்தில் மண் கோடு ஏறினால் கரையானும் வந்துவிட்டது என்று அர்த்தம். ஸ்டாண்டைச் சுவரிலிருந்து அரையடி தள்ளி வையுங்கள். சுண்ணாம்புச் சுவர் மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்து ‘வாட்டர்ப்ரூஃப்’ செய்யும் யோசனை வேண்டாம், ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு பூச்சு பெயர்ந்து விழும்.

மின்சாரத்தில் விளையாட்டே கூடாது. பழைய வீட்டு வயரிங்கும் ஈரக்காற்றும் சேர்ந்த இடம் இது. எலக்ட்ரீஷியனை அழைத்து அந்த அறைக்கென்று 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) போட்டுவிடுங்கள், எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டி தரையில் கிடக்கக் கூடாது, தொட்டிகளுக்கு மேலே ஆணியில் தொங்கட்டும்.

அப்புறம் கொசு. கூலர் தொட்டி, கூழாங்கல் தட்டு, தொட்டிச் சாசர் எல்லாமே டெங்குக் கொசு முட்டையிட ஏற்ற நல்ல தண்ணீர். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால் வாரம் ஒரு நாள் எல்லாவற்றையும் கொட்டித் தேய்த்துக் கவிழ்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அது வெள்ளிக்கிழமை, வீடு கழுவும் நாளோடு சேர்ந்து போய்விடும்.

மாதக் கணக்கு

மாசி பிறந்ததும் மீட்டருக்கு உப்புச் சோதனை, கூலர் பேட் மாற்றம், கதவு ரப்பர் சரிபார்ப்பு. பங்குனி முதல் வைகாசி வரை, கத்திரி உட்பட, பகலில் கூலர் அல்லது அடைத்த அறை. ஆனாலும் நான் அதிகம் பயப்படுவது கத்திரிக்கு அல்ல, ஆனி ஆடிக்குத்தான். வெயில் சற்று தணிந்ததே என்று நாம் அசந்திருக்கும்போது மேல்காற்று வறட்சியாகப் புழுதியோடு அடிக்கும். அம்மியை நகர்த்துகிற காற்று கதவிடுக்கை விட்டுவைக்குமா? இந்த இரண்டு மாதம் மேற்குப் பக்கச் சன்னலை அடைத்தே வையுங்கள், இலைத் தூசியை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள்.

ஆவணி புரட்டாசியில் மாலை இடிமழை வரும் நாளில் எண் ஒரே நாளில் 45-க்கும் 90-க்கும் ஊஞ்சலாடும். கன்ட்ரோலர் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும், நீங்கள் குறுக்கே போக வேண்டாம். ஐப்பசி மழை பிடித்ததும் எல்லா மெஷினையும் நிறுத்திவிடலாம். அப்போது பிரச்சினை நேர்மாறு. காற்றுத் துளை அட்டையை எடுத்துவிட்டு, ஃபேன் வேகத்தை ஒரு படி கூட்டி, தொட்டிகளைச் சற்று விலக்கி வையுங்கள், தண்ணீர் ஊற்றுவதைப் பாதியாக்குங்கள். கூலர் பேடை வெயில் கிடைக்கும் நாளில் முற்றத்தில் காயவைத்து, தொட்டியைத் துடைத்து, கூலர் வாயைச் சாக்கால் கட்டி மூடிவிடுங்கள். சாக்கு கட்டாமல் விட்டால் மாசியில் திறக்கும்போது உள்ளே எலி குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும்.